கேன் எறிந்தவள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அங்கே உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாலு பக்கத்தில் மூன்று பக்கம் மாமா புராணம். அவர் மாதிரி யாருக்குத் துணிச்சல் வரும், என் உடம்பிலும் அந்த ரத்தம்தானே, துறைமுகத்தில் எவனாவது விழுந்தால் நானும் யோசிக்காமல் குதிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குக் கடைசியில் ஒரு வரி, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று. எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போன தம்பி மேல் பொறாமைப்படுகிறாளே என்று நினைத்தால் நினைத்துக்கொள், எனக்கு மறைக்கத் தெரியாது.

அன்று நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மில்லுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி இரண்டு ஆள் ஆழம், சுற்றி வேலி கிடையாது. மட்டம் பார்க்கப் போன ஸ்டோர் கிளார்க் பாசியில் வழுக்கி உள்ளே விழுந்தார். கத்தவே இல்லை. தண்ணீரில் தவிக்கிறவனுக்குக் கத்த மூச்சு ஏது, வாய் முங்கி முங்கி எழும், கை தண்ணீரை அடிக்கும், அவ்வளவுதான். கேன்டீன் பின்கதவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த உன் மாமாவிடம் கயிறு எடுடா என்று கத்தினேன். கயிறு தேடறதுக்குள்ள ஆளு போயிடுவாருக்கா, தள்ளு என்று பூட்ஸோடு குதித்தான். சின்ன வயதிலேயே மீன்குட்டி என்று பெயர் வாங்கியவன், அந்தப் பெயர்தான் அவனைத் தள்ளிவிட்டது. கிளார்க்குக்கு அவன் மனிதனாகத் தெரியவில்லை, ஏறி நிற்க ஒரு படியாகத் தெரிந்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் ஏறி, அவனை அமுக்கினார். கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதற்குள் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேனில் முடிச்சுப் போட்டு, கரையில் குப்புறப் படுத்து எறிந்தேன். கிளார்க் கேனைப் பிடித்தார், சமையல்காரர் என் காலைப் பிடித்தார், இழுத்தேன். மீன்குட்டி மேலே வரவில்லை.

மறுவாரமே மில் வாசலில் அவன் படம் ஏறியது. முதலாளி அரை மணி நேரம் வீரம் வீரம் என்று பேசினார், வேலியைப் பற்றி அரை வார்த்தை இல்லை. வீரன் என்று சொல்லிவிட்டால் வேலி போட வேண்டாமே. மேனேஜரிடம் கேட்டதற்கு, தம்பியோட தியாகத்தைக் கொச்சைப்படுத்தாதீங்கம்மா என்றார். தொட்டியோரம் நான் ஆணியில் மாட்டிவைத்த கேனையும் கயிற்றையும் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றி எறிந்துவிட்டார்கள். கிளார்க் தினமும் படத்துக்கு முன்னால் தலை குனிந்து நிற்கிறார், அப்புறம் என்னிடம் வந்து சாம்பாரில் உப்பு குறைவு என்கிறார். உன் அப்பாகூட, அவன் குதிச்சான், நீ கயிறுதானே அவுத்தே என்றார், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எதிலும் அவன்தான் முந்துவான், நான் பின்னால் நிற்பேன், சாவிலும் முந்திக்கொண்டான். ஒரு முடிச்சுப் போடும் நேரம் பொறுத்திருந்தால் படமும் இல்லை பேச்சும் இல்லை, என்னைக் கிண்டலடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பான் பாவி.

அதனால் சொல்கிறேன், யாராவது விழுந்தால் சத்தம் போட்டு ஆள் கூட்டு. மிதக்கிற எதையாவது எறி, கழி இருந்தால் படுத்துக்கொண்டு நீட்டு, உன்னையே இழுத்தால் கழியை விட்டுவிடு. கையை மட்டும் கொடுக்காதே. நல்லவன் என்றால் கை கொடுப்பான் என்று பேசிப் பழகிவிட்டோம், தண்ணீரில் அந்தப் பேச்சு ஆளைக் கொல்லும். கோழை என்று சொல்கிறவன் சொல்லட்டும், என்னைப் போல வயிறெரிந்துகொண்டு உயிரோடு இரு.

நீ நூறு வயது இருக்க வேண்டும், நன்றாக இருப்பாய். உங்கள் துறைமுகத்தில் மிதவை வளையம் எங்கே தொங்குகிறது என்று நாளைக்கே பார்த்து எழுது. வளையம் இல்லையென்றால் உன் மேலதிகாரியிடம் போய்ச் சண்டை போடு. அதற்கும் துணிச்சல் வேண்டும்டா, அதற்கு யாரும் படம் மாட்டமாட்டார்கள், நான் மாட்டுகிறேன்.

உன் அம்மா