மழை பார்த்துப் போட்ட கையெழுத்து

என்னங்க,

மழை! விடியற்காலையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. காக்ஸ் டவுனே மிதக்கிறது, நம் சீலிங்கிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை! உங்களோடு பேசுவதில்லை என்றிருந்ததால்தான் எழுப்பவில்லை.

அபார்ட்மென்ட் சங்கத்துச் செக் ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. செயலாளர் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். பொருளாளரான என் கையெழுத்துதான் பாக்கி இருந்தது. போட்டுவிட்டேன். மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்த காண்ட்ராக்டர் முனிராஜு பதினோரு மணிக்கு வருவார், கொடுத்துவிடுங்கள். காபியும் கொடுங்கள். நேற்று மீட்டிங்கில் அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே எகிறிவிட்டேன்.

"தண்ணி தேக்கி டெஸ்ட் பண்ணியாச்சே மேடம்" என்றார் அவர். நீங்களும் எல்லார் முன்னாலும், "பாவம் ரெஜினா, கொடுத்துடேன்" என்றீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசித் தவணை நிஜ மழை பார்த்துத்தான் என்று நான் நின்றது நம் ஒருவர் வீட்டுக்காகவா?

எலுமிச்சை சாதம் ஹாட்பாக்ஸில்.

ரெஜினா

மறந்தேபோனேன்: மூன்று வருஷமாக நம் கட்டில்களுக்கு நடுவே இருந்த வாளியைக் கழுவி பாத்ரூமில் வைத்துவிட்டேன். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. கட்டில்களைச் சேர்த்துப் போடுவது உங்கள் பொறுப்பு.