சந்தனம் பூசிய கண்ணாடி

1995 செப்டம்பர் 11
மோட்டார் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் நான் மாட்டிய ‘கண்’ வேலை செய்கிறது. கை உள்ளே வந்தால் விளக்கொளி அதில் பட்டுத் திரும்பி, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், ஒளியை உணரும் செல்லில் விழும், பிரஸ் நின்றுவிடும். முதலாளி பாலகோபால் எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். இந்த வயதில் வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

செப்டம்பர் 18
தகட்டைப் பிடித்து வைக்கும் இடுக்கிகளை எடுத்துவிடச் சொன்னார் பாலகோபால். தகட்டைக் கையாலேயே வைத்தால் வேகம் கூடுகிறதாம். “உங்க கண்ணு பாத்துக்குமுங்க சார்.” மறுக்க நினைத்தேன். தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன்?

செப்டம்பர் 19
பிரஸ் ஓட்டும் சாந்தாமணியின் கைகளை இன்று பார்த்தேன். பயமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அக்டோபர் 2
ஆயுத பூஜை. சூடம் காட்டும்போது வழக்கம்போல் நானும் எலக்ட்ரீஷியன் ரசாக்கும் வெளியே நின்றோம். “பொரிக்கு மட்டும் நாம முதல் ஆளுங்க சார்,” என்றார். வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 3
மாலை ரசாக் வந்தார். நேற்று மெயினை அணைக்க உள்ளே போனவர், பார்த்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். “சாந்தாமணி உங்க கண்ணையும் உடலீங்க. கண்ணாடி பூரா சந்தனத்த அப்பிப்போட்டாங்க. அதுதான் என் வெரலக் காக்குதுங்கறாங்க.”
நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. ஒளி உள்ளே விழுந்தால்தான் பிரஸ் நிற்கும். கண்ணாடி மூடியிருந்தால் — கை இருந்தாலும் இறங்கும்.
இத எப்படி யோசிக்காமப் போனேன்? படிச்சவன்தானே நான்? பூத்திலிருந்து முதலாளி வீட்டுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. கர்த்தாவே, அந்தப் பொண்ணு கை.

அக்டோபர் 4
பஸ் தாமதம். வாசலிலேயே பிரஸ் சத்தம் கேட்டது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். பாலகோபால் சத்தம் போட்டார். நான் சாந்தாமணியின் விரல்களை எண்ணினேன், பத்தும் இருந்தன. வேஸ்ட் பஞ்சு திணித்த கையுறையைக் குச்சியில் மாட்டி நீட்டி, ரசாக்கை ஓட்டச் சொன்னேன். பிரஸ் நிற்கவில்லை. கையுறையின் விரல்கள் கீழே விழுந்தன.
“நான் சந்தனம் வெச்சதாலீங்களாய்யா?” என்றாள் சாந்தாமணி.
“இல்லம்மணி. நான் செஞ்ச தப்பு.”
பிறகு பாலகோபாலிடம், இடுக்கி இல்லாமல் பிரஸ் ஓடக்கூடாது என்றேன். இந்த முறை சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9
விளக்கை எதிர்ப்பக்கம் மாற்றினேன். இனி வெளிச்சம் வந்துகொண்டே இருந்தால்தான் பிரஸ் ஓடும். எது மறைத்தாலும் நிற்கும். இடுக்கியால் உற்பத்தி குறைந்துவிட்டது என்று பாலகோபால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் சொல்வதும் பொய்யில்லை. இன்னும் எதை யோசிக்காமல் விட்டிருக்கிறேனோ.

1996 அக்டோபர் 22
பூஜை விடுமுறை முடிந்து முதல் நாள். இடுக்கியும் கையுமாக வந்து நின்றாள் சாந்தாமணி. “ஏனுங்கய்யா, உங்க கண்ணு மெஷின ஓட உடமாட்டேங்குதுங்க.”
போய்ப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கச் சந்தனம்.
உடனே துடைக்க மனம் வரவில்லை.