மக்கு தொட்டி

ஜூலை 8, செவ்வாய்
மன்னித்துக்கொள், நோட்டே. இந்நேரத்துக்குத்தான் உன்னைத் திறக்க முடிகிறது. மூன்று தடவை சோப்புப் போட்டும் கையிலிருந்து தொட்டி வாடை போகவில்லை.

பாப்பா படிக்கிற அரசுப் பள்ளியில், அக்கம்பக்கத்து வீடுகளின் காய்கறிக் கழிவை வாங்கி உரமாக்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன். உதவிக்குக் கை தூக்கியவர்கள் பதினெட்டுப் பேர். ஒரே மாதத்தில் மிச்சம் நான் ஒருத்தி. கழிவு மட்டும் பதினெட்டு வீட்டிலிருந்தும் தவறாமல் வருகிறது. தொட்டிச் சாவி என் பையில்.

பலகைக்கு 'மக்கும் தொட்டி' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பெயின்டர் 'ம்'மை விழுங்கிவிட்டு 'மக்கு தொட்டி' என்று எழுதிவைத்தார். அன்று எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஜூலை 10
பாப்பாவை வகுப்பில் 'மக்கு' என்று கூப்பிடுகிறார்களாம். மக்குத் தொட்டி அம்மாவோட பொண்ணு மக்கு. ஒன்றாம் வகுப்பு!
"நான் மக்காம்மா?"
என்ன சொன்னேன்? "சாப்பிடு" என்றேன்.

ஜூலை 11
தலைமையாசிரியை கூப்பிட்டார். மூன்றாம் வகுப்பில் ஜன்னலைத் திறக்க முடியவில்லையாம். "அடுத்த வெள்ளிக்குள்ள நாத்தம் போகலைன்னா எடுத்துடச் சொல்லிடுவேன்மா. எனக்கு வேற வழியில்ல."

கேட்டதும் நிம்மதியாக இருந்தது — ஒரு நொடி. எடுத்துவிட்டால்? நான் ஆரம்பித்தது நாறிப்போனது என்பதுதான் பேச்சாக இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பேர் பாப்பாவை விடாது. வச்சா நாத்தம், எடுத்தா அவமானம். எந்தப் பக்கம்தான் நான் போறது?

ஜூலை 13, ஞாயிறு
வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "வேலில போன ஓணானை எடுத்து மடில விட்டுக்கிட்டே. இப்ப குடையுதுன்னா?" என்றார். 

சாயங்காலம் போய் மூடி இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மேலே இரண்டு செங்கல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15
நாற்றம் இரண்டு மடங்கு.

ஜூலை 16
பள்ளியைப் பெருக்கும் அக்கா டேப்பைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.
"ஏம்மா, குப்பை ஓடிப்போயிடும்னா இப்படிக் கட்டி வச்சிருக்கே? உன்னைய இதுக்குள்ள போட்டு மூடினா நீ மட்டும் மணப்பியா?"

காற்று வேண்டும், சருகு வேண்டும் என்று முதல் வாரம் எல்லோருக்கும் பாடம் எடுத்தவளே நான்தான். பயத்தில் மூடினேன். நாறியது. இன்னும் இறுக்கி மூடினேன். படித்தவள்!

பின்பக்கம் பத்து மூட்டை சருகு சேர்த்து வைத்திருக்கிறார் அக்கா.
"சொல்லலியேக்கா?"
"நீ கேக்கலியே."

இரண்டு பேருமாகக் கிளறிச் சருகு போட்டோம். நடுவில் கேட்டார்: "அந்தப் பதினெட்டுப் பேரையாவது கேட்டியா?"
வரமாட்டார்கள் என்றேன்.
"வரமாட்டாங்க சரி. கேட்டியா?"
கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி
வாடை பாதிதான் குறைந்திருக்கிறது. தலைமையாசிரியை ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டினார். "ரெண்டு வாரம் பாக்கலாம்."

பள்ளி விட்டதும் பாப்பா பலகை முன்னால் நின்றாள். "அம்மா, இங்க ஒரு 'ம்' காணோம்." வகுப்பில் மெய்யெழுத்து நடக்கிறது. சாக்பீஸால் இடுக்கில் 'ம' போட்டாள், கோணலாக. மேலே புள்ளி வைக்கக் கை எட்டவில்லை. தூக்கிப் பிடித்தேன். வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பதினெட்டுப் பேருக்கும் செய்தி அனுப்பினேன். பின்னால் எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'தொட்டியை என்னால் தனியாகப் பார்க்க முடியவில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை சாவி என்னிடம் இருக்கட்டும். மற்ற நாட்களுக்கு நீங்கள் வேண்டும். உங்களுக்கு எந்த நாள் முடியும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.'