பவனி நடக்காத வருடம்

பெயர் தெரியாத என் அன்புத் துறவியாருக்கு,

நீங்கள் இறந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. உங்கள் கிறிஸ்தவ மடத்து வரலாற்றேட்டைப் பள்ளி நூலகத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வாசித்தேன். வருடத்துக்கு ஒரு குறிப்பு: வெள்ளம், கிரகணம், தேனீக்கள் கூட்டைவிட்டுப் போனது. ஒரு வருடத்துக்கு "மழை" என்று ஒரே சொல்.

சிரித்தபடி வாசித்து வந்தவள் பஞ்ச வருடத்தில் நின்றுவிட்டேன். பசித்து வந்தவர்களுக்கு மடம் கதவைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை யாரோ கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பு சொன்னது. அதே இடத்தில் மறுபடி எழுதி, இன்னொரு வரியும் சேர்த்தீர்கள்: "அன்று சாவி என் கையில் இருந்தது."

உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா?

எனக்கு இருக்கிறது. எங்கள் மொன்ட்ரியால் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் வெள்ளிவிழா மலருக்கு வருடவாரியாக வரலாறு எழுதுவது நான்தான். இன்று ஐந்து மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பவேண்டும். எனக்கு ஏழு வயதான வருடத் திருவிழாவில், பவனியில் மாதா சுரூபத்தை முன்னுக்கு நின்று தூக்குவது யார் என்று சண்டை வந்தது. கோயில் படியில் வைத்து அப்பா அன்ரன் மாமாவைத் தள்ளிவிட்டார். மாமா என் ஞானஸ்நானத்தில் எனக்கு ஞானத்தந்தையாக நின்றவர். அவருக்குக் கை முறிந்தது. பவனி நடக்கவில்லை. அந்தக் குடும்பம் பிறகு பூசைக்கு வரவேயில்லை.

இப்போது அப்பாதான் மலர்க்குழுச் செயலாளர். நாலு மணிக்கு என் பின்னால் நின்று வாசித்தார்.

"அந்த வருசத்தை விடு பிள்ளை. இது விழா மலர், பொலிஸ் றிப்போட் இல்லை."

"பவனி ஏன் நடக்கேல்லை எண்டு ஆக்கள் கேப்பினமே அப்பா?"

"மழை எண்டு போடு."

"அண்டைக்கு நல்ல வெயில். காலமை எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தனீங்கள்."

உங்கள் சாவி வரியை வாசித்துக் காட்டினேன். அப்பா குளிர்ச்சட்டைகூடப் போடாமல் இறங்கிப் போய்க் காரில் இருந்தார். கார் நகரவில்லை.

நீங்கள் "மழை" என்று எழுதிய வருடத்தில் உண்மையிலேயே மழைதானா?

நாலரைக்குப் பனி ஒட்டிய சப்பாத்தோடு திரும்பி வந்தார்.

"என்ர பேரையும் போடப்போறியோ?"

"உங்கட பேரை நான் எழுதமாட்டன் அப்பா. அதை நீங்கள்தான் எழுதவேணும்."

"தள்ளி இரு."

இப்போது கணினி முன்னால் அவர் இருக்கிறார். பக்கத்தில் நான் இந்தக் கடிதத்தைக் கையால் எழுதுகிறேன். ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்கிறது. எழுதுகிறாரா, அழிக்கிறாரா? உங்கள் தோல் ஏட்டில் சுரண்டினால் தழும்பாவது மிஞ்சும். கணினியில் அழித்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அந்த வருடத்தை அழித்திருந்தால், அதே இடத்தில் மறுபடி எழுதுவேன்.

பிள்ளைகள் இல்லாத உங்களுக்கு
மகள் முறையான,
ஜெனிற்றா