அக்காவின் இதயத்தில் ஒரு பச்சைக் கோடு

காசிமேடு
6.2.2025

என் தம்பி பெனிட்டோவுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டு போன் பண்ணாதே. போனில் நான் கத்துவேன், நீ கட் பண்ணுவாய், அப்புறம் ஒரு மாதம் இரண்டு பேரும் பேஜாராகத் திரிவோம். கடிதமே நல்லது.

மனோகரன் டாக்டர் பொறுமையாக விளக்கினார். தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் விட்டு, தாறுமாறாகத் துடிக்க வைக்கிற இடத்தைச் சுட்டுவிடுவார்களாம். குழாயைத் தள்ளுவது இயந்திரக் கை. டாக்டர் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்துத் திருப்புவார். திரையில், ஸ்கேனில் எடுத்த என் இதயத்தின் படம், அதன்மேல் குழாய் போகவேண்டிய வழிக்குப் பச்சைக் கோடு. "அந்தக் கோட்டைப் போடுறது உங்க தம்பி எழுதின புரோகிராம்தாம்மா" என்றார். விடுவேனா? ஏலக்கூடம் பூராவும் சொல்லிவிட்டேன். கூடை தூக்குகிற கோதண்டம், "இன்னாக்கா, உன் நெஞ்சுக்குள்ள உன் தம்பியே ரோடு போட்டுக்கினு கீறானா?" என்று கேட்டான். சிரித்தேன். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. போன வாரம் மீன் ஏலம் கூவும்போதே இரண்டு தடவை கண் இருட்டிவிட்டது. இது சரியாகாவிட்டால் நான் கூவவே முடியாது.

ஸ்கேனில் மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். என்னிடமா! ஒரு கூடை வஞ்சிரத்தை ஒரே மூச்சில் கூவி முடிக்கிறவள் நான். தொண்டை வரை இழுத்து நிறுத்தினேன். நர்ஸ் பெண்ணே மிரண்டுவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா பிலோமி


பெங்களூரு
11.2.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. ரப்பரில் செய்த இதயத்தில் நாற்பது தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறோம்.

ஒன்று கேட்க வேண்டும். ஸ்கேனில் ரொம்பவா இழுத்தாய்? அப்படி இழுத்தால் இதயம் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். ஆபரேஷன் மேசையில் சாதாரணமாகத்தானே மூச்சு விடுவாய்? அப்போது படமும் இதயமும் விலகலாம். கொஞ்சம்தான். மறுபடி ஸ்கேன் எடுத்தால் தேதி தள்ளிப்போகும். 24ஆம் தேதி உனக்குச் செய்வதை வெளியூர் டாக்டர்கள் பார்க்க வருகிறார்கள், எங்கள் கம்பெனிக்கு அது பெரிய நாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யாரிடமும் சொல்லிக் குழப்பாதே.

இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. வேலை அதிகம், வேறொன்றுமில்லை.

உன் பெனிட்டோ


காசிமேடு
28.2.2025

பெனிட்டோ,

உயிரோடு இருக்கிறேன்.

பாதி மயக்கத்தில்தான் படுத்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. முதலில் எல்லோரும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு நெஞ்சுக்குள் ஏதோ இடித்த மாதிரி ஒரு வலி. மனோகரன் டாக்டர், "கோடு ஒரு இடத்துல, ஹார்ட் வேற இடத்துல இருக்கு. நிறுத்துங்க!" என்று சத்தம் போட்டார். எக்ஸ்ரேயைப் பார்த்து அவர் மட்டும் நிறுத்தியிராவிட்டால் குழாய் இதயத்தின் சுவரைத் துளைத்திருக்குமாம். குழாயை வெளியே எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். படபடப்பு அப்படியேதான் இருக்கிறது. நான் ஏலக்கூடத்துக்குப் போகவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள், உங்கள் கம்பெனி எழுதியது. "மூச்சு பற்றிய அறிவுரையை நோயாளி சரியாகப் பின்பற்றாததே காரணம்" என்று இருக்கிறது. கீழே உன் கையெழுத்து.

அடப் பாவி. நான் இழுத்த மூச்சைப் பற்றி உனக்கு 24ஆம் தேதிக்குப் பதினெட்டு நாள் முன்பே எழுதினேனே! தெரிந்துதானே என்னை மேசையில் படுக்க வைத்தாய்? இப்போது என்மேலேயே பழியா? உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு இதுதானா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுது. வேறு கதை வேண்டாம்.

பிலோமி


பெங்களூரு
5.3.2025

அக்கா,

ஆமாம்.

தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. படமும் எக்ஸ்ரேயும் விலகினால் திரை சிவந்து, சத்தமிட்டு எச்சரிக்க வேண்டும் என்று நானே ஒரு வசதி எழுதியிருந்தேன். சோதனையில் அது சும்மா சும்மா கத்தியது. பார்க்க வருகிறவர்கள் முன்னால் கத்தினால் அசிங்கம் என்று பேச்சு வந்தது. சரிசெய்ய நேரமில்லை, அணைத்துவிட்டேன். யாரும் அணைக்கச் சொல்லவில்லை. என் கையால் அணைத்தேன். உன் மூச்சில் தப்பே இல்லை. தப்பான படத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது எங்கள் வேலை.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்கும் அவர்களுடைய விசாரணைக் குழுவுக்கும் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். கம்பெனியில் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வேலை போகும் என்று நினைக்கிறேன். போகட்டும்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரையாவது விட்டு எழுதச் சொல்லு. வாசலில் தபால்காரர் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து ஓடுகிறேன்.

பெனிட்டோ


காசிமேடு
13.3.2025

பெனிட்டோ,

யாரையாவது விட்டு எழுதச் சொல்ல எனக்கு என்ன கை இல்லையா?

நீ அனுப்பியதை மனோகரன் டாக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். அந்த இயந்திரத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். வருகிற செவ்வாய், 18ஆம் தேதி, கோடும் இல்லாமல் இயந்திரக் கையும் இல்லாமல் அவரே தன் கையால் குழாயை விட்டுச் சுடப்போகிறார். நேரம் கூடப் பிடிக்குமாம். பழைய முறை, ஆனாலும் ஆபத்து இல்லாமல் இல்லை என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமைத்ததைச் சாப்பிடாமலே பாத்திரம் கழுவுகிறேன்.

கோபம் போகவில்லை. உன்னை நேரில் பார்த்தால் நிச்சயம் அறைவேன், தயாராக வா.

வெளியே காத்திருக்கப் போகிற உறவுக்காரர் யார் என்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். முதலில் கோதண்டம் பெயரைத்தான் எழுதினேன். அவன், "யக்கா, ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் உன்னாண்ட உண்மைய சொல்ல மாட்டேன். எனுக்கு தெகிரியம் இல்ல" என்று அழுதுவிட்டான். அவன் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதியிருக்கிறேன். உள்ளே என்ன நடந்தாலும் டாக்டர் உன்னிடம்தான் வந்து சொல்வார். கண் விழித்ததும் நான் உன்னைத்தான் கேட்பேன். நல்லதோ கெட்டதோ, நடந்ததை நீ நடந்தபடி சொல்லிவிடுவாய்.

காலை ஆறு மணிக்குள் வந்து சேர்.

அக்கா