விருப்பத்தோடு என்று எழுதிக் கொடுத்தேன்

செவ்வாய், மார்ச் 12. இரவு.

பிள்ளை தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வியக்காவின் தையல் மெஷினை நுண்கடன் கம்பெனிக்காரர், தவணை கட்டவில்லையென்று, இன்று வேனில் ஏற்றிக்கொண்டு போனார். இடுப்பு வலியால் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு, அக்காவுக்கு அந்த மெஷினில்தான் பிழைப்பு. ஏற்றுவதற்கு முன் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார் கம்பெனிக்காரர். நான் டீச்சர் என்பதால், எங்கள் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கு என்ன எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கம்பெனிக்காரர் சொல்லச் சொல்ல எழுதினேன். “மெஷினை என் சுயவிருப்பத்தோடு ஒப்படைக்கிறேன்.” அக்கா கையெழுத்து வைத்தார்.

“மிஸ்ஸோட எழுத்து அச்சு மாதிரி இருக்கே” என்றார் கம்பெனிக்காரர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு மனசு கேட்காமல், ஹட்டனில் வக்கீலிடம் வேலை செய்யும் கூட்டாளி சுகந்திக்கு போன் எடுத்தேன்.

“கோர்ட் உத்தரவு இல்லாம ஒரு சாமானும் தூக்க ஏலாதுடி. உத்தரவே இருந்தாலும் உடுப்பு, படுக்கை, தொழில் சாமான்ல கைவைக்க ஏலாது. சட்டத்துலயே இருக்கு.”

“அவங்களே குடுத்தாங்கன்னு கடிதம் இருக்கு.”

“அத எந்த மடச்சி எழுதிக் குடுத்தா?”

போனை வைத்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னால், கம்பெனிக்காரர் சொல்லித்தான் அப்படி எழுதினேன் என்று நானே சாட்சிக்குப் போக வேண்டிவரும். அதே கம்பெனியில் எனக்கும் கடன் இருக்கிறது, இரண்டு தவணை பாக்கி நிற்கிறது. என் வீட்டுக்காரருக்கு அது தெரியாது.

காலையில் சொல்லிவிடுவேன். முதலில் வீட்டுக்காரரிடம், பிறகு அக்காவிடம்.