ஏலாக்குறிச்சியில் வைத்த வெள்ளிக் கை

வரதராசன்பேட்டை,
ஞாயிறு

அன்புள்ள மகன் ஜெயசீலனுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அவளுடைய மூட்டுவலியும் அவளோடு சுகமாகவே இருக்கிறது. ஜப்பானில் நீ எப்படி இருக்கிறாய் என்பது நேற்று உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் இதையெல்லாம் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன், உன் தங்கை டெய்சி படம் எடுத்து அனுப்புவாள். முந்திரி இந்த வருஷம் சுமார்தான். போன சனிக்கிழமை அம்மா ஏலாக்குறிச்சிக்குப் போய், உன் மணிக்கட்டு குணமாக வேண்டுமென்று அடைக்கல மாதாவுக்கு வெள்ளியில் ஒரு கை வாங்கி வைத்தாள். அவள் எடுத்து வந்த படத்தைப் பார்த்து டெய்சிதான் கண்டுபிடித்தாள், உனக்கு வலி இடது கையில், அம்மா வைத்தது வலது கை. வலது கைக்காரன் மட்டையை வீசினால் வலது கைதானே வலிக்கும் என்பது அம்மாவின் கணக்கு. நான் சிரித்தது தப்பாகப் போயிற்று. "எந்தக் கைன்னு மாதாவுக்குத் தெரியாதாங்க, நீங்க சும்மா இருங்க" என்றாள். இருந்தாலும் வருகிற சனிக்கிழமை இடது கையோடு மறுபடியும் கிளம்புகிறாள்.

உன் கோல்ப் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. குறைவாக எடுத்தவன் முதலில் வருவது என்னைப் போன்ற கணக்கு வாத்தியாருக்கு எப்படி ஒப்பும்? நீ முதல் கோப்பை வாங்கிய அன்று, பேப்பரில் உன் பேருக்கு நேரே கழித்தல் குறியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ராஜவேல் ஆறுதல் சொல்ல வந்தார். "அடுத்த தடவ தம்பி நல்லா ஆடிடும் சார், மனச வுட்றாதீங்க" என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை நாடு, எத்தனை கோப்பை, எல்லாம் டெய்சி சொல்லித்தான் தெரியும்.

இப்போது ஆபரேஷன் செய்தால் இந்த வருஷப் போட்டிகள் போய்விடும், அடுத்த வருஷம் உன் இடமே இருக்காது என்கிறாய். ஊசி போட்டுக்கொண்டு ஆடினால் கையே போய்விடலாம் என்று டாக்டர் சொல்கிறார். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டாய். வேலையை விட்டு இந்த விளையாட்டுக்குப் போனபோது நீ என்னைக் கேட்கவில்லை. வெளிநாடு போனபோதும் சொன்னாயே தவிரக் கேட்கவில்லை. நீ கேட்கிறாய் என்றால் உனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆபரேஷன் செய்துகொள் ஜெயசீலா. இடம் போனால் போகட்டும். ஏன் நிறுத்தினாய் என்று யார் கேட்டாலும், அப்பா விடவில்லை என்று என் பேரைச் சொல்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறோம். வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே.

அன்புடன் அப்பா,
ம. ஆரோக்கியசெல்வம்